டிஎன்ஏ ஆய்வகத்தில் பயின்றவர்கள் எங்கே போகிறார்கள்?

ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருப்பவர், சென்ற ஆண்டு மே மாத வெயிலில், எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்திருந்த தம் மகளை அழைத்துக்கொண்டு காட்பாடியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தப் பெண், முனைவர் பட்ட ஆய்வுக்கு மாத உதவித்தொகை தரும் சி.எஸ்.ஐ.ஆரின் ஜே.ஆர்.எஃப். தேர்வில் தேறியிருந்தாள். பாக்டீரியாவின் டிஎன்ஏ இரட்டிப்பை ஆராயும் பெங்களூர் ஆய்வகம் ஒன்றிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பும் வந்திருந்தது. "மாசம் முப்பத்தேழாயிரம் தர்றாங்க, அது தெரியும் சார். அஞ்சாறு வருஷம் கழிச்சு இவ எங்க போவா? அதைச் சொல்லுங்க" என்று அவர் கேட்டார். அதே துறையில் இருபது ஆண்டுகளுக்கு முன் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, இப்போது வேலூரில் கல்லூரி ஆசிரியராக இருக்கும் நான் அன்று சொன்னது பாதி விடைதான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

டிஎன்ஏ இரட்டிப்பு ஆய்வகம் என்றால் என்ன செய்யும் இடம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் தன்னிடமுள்ள டிஎன்ஏ முழுவதையும் ஒரு முறை நகலெடுத்துக்கொள்கிறது. நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏவில் ஏறத்தாழ 46 லட்சம் எழுத்து இணைகள் உள்ளன (A, T, G, C என்ற நான்கு வேதி அலகுகளையே எழுத்து என்கிறோம்). நகலெடுப்பு ஓரிடத்தில் தொடங்கி இரு திசைகளிலும் வினாடிக்குச் சுமார் 1000 எழுத்துகள் என்ற வேகத்தில் ஓடுவதால், நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. மனிதச் செல்லில் ஏறத்தாழ 600 கோடி எழுத்து இணைகள் இருக்கின்றன, வேகமோ பாக்டீரியாவைவிடப் பல மடங்கு குறைவு. ஆகவே ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே சமயத்தில் வேலை தொடங்கி, சுமார் எட்டு மணி நேரத்தில் முடிகிறது. டிஎன்ஏ ஏணியைப் பிரிக்கும் நொதி, பிரிந்த இழைகள் மீண்டும் ஒட்டாமல் பிடித்துக்கொள்ளும் புரதம், எழுத்துகளைக் கோக்கும் பாலிமரேஸ், துண்டுகளை இணைக்கும் லைகேஸ், தப்பான எழுத்தைக் கண்டுபிடித்து வெட்டியெறியும் திருத்துநர்கள் என ஒரு பட்டறையே அங்கு இயங்குகிறது. இந்தப் பட்டறையின் ஒவ்வொரு உறுப்பையும் செல்லிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்து, சோதனைக்குழாயில் மறுபடி சேர்த்து, வேலை நடக்கிறதா என்று பார்ப்பதே இத்துறையின் அடிப்படை முறை.

இந்த முறைக்கு வழிகாட்டியவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஆர்தர் கோர்ன்பர்க். 1950-களின் நடுவில், செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஈ. கோலையை உடைத்தெடுத்த சாற்றில் டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றுக்கு மூலப்பொருளான தைமிடினைக் கதிரியக்கக் குறியிட்டுச் சேர்த்துப் பார்த்தபோது, பத்து லட்சம் கதிரியக்க எண்ணிக்கையில் சில பத்துகள் மட்டுமே டிஎன்ஏவாக மாறியிருந்தன. வேறு யாரேனும் அதைக் கருவியின் இரைச்சல் என்று ஒதுக்கியிருக்கக்கூடும். அவரோ அந்தச் சிறு தடயம் டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதியால் அழிகிறது என்பதைச் சோதித்து, அது மெய்தான் என்று நிறுவினார். அதன்பின் அந்த வேலையைச் செய்த நொதியைப் படிப்படியாகத் தூய்மையாக்கி, டிஎன்ஏ பாலிமரேஸைக் கண்டடைந்தார். 1959-இல் செவெரோ ஒச்சோவாவுடன் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு அவர் தம் குழுவினரோடு ஸ்டான்ஃபோர்டுக்கு இடம்பெயர்ந்தார். அவரிடம் பயின்று வெளியேறியவர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்தால், ஆம்பூர்க்காரரின் கேள்விக்கு வேண்டிய விடை கணிசமாகக் கிடைக்கிறது.

ராண்டி ஷெக்மன் 1970-களின் தொடக்கத்தில் கோர்ன்பர்க்கிடம் முனைவர் பட்டத்துக்காக டிஎன்ஏ இரட்டிப்பை ஆராய்ந்தவர். அந்த ஆய்வகத்தில், குறிப்பிட்ட வெப்பநிலையில் மட்டும் வேலை நிறுத்தம் செய்யும் பாக்டீரியா மரபு மாற்றங்களும் தூய்மையாக்கிய புரதங்களும் கைகோத்து எப்படி ஒரு புதிரை அவிழ்க்கின்றன என்பதை அவர் அன்றாடம் பார்த்தார். 1976-இல் பெர்க்லியில் சொந்த ஆய்வகம் தொடங்கியபோது அவர் டிஎன்ஏவை எடுத்துக்கொள்ளவில்லை. ஈஸ்ட் செல் தான் செய்த புரதங்களை எவ்வாறு வெளியே அனுப்புகிறது என்ற, அதுவரை அவர் தொட்டே பார்க்காத கேள்வியை எடுத்துக்கொண்டார். வெப்பம் கூடினால் புரத ஏற்றுமதி நின்றுபோகும் ஈஸ்ட் வகைகளைத் தேடினார். 1979-இல் பீட்டர் நோவிக் என்ற மாணவருடன் முதலாவதைக் கண்டுபிடித்தார். அந்த வழியே சென்று 2013-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரானார். அவர் ஆய்வுப்பொருள் முழுவதுமாக மாறிவிட்டது; தேடும் விதமோ கோர்ன்பர்க் ஆய்வகத்தில் கற்றதுதான். ஓர் ஆய்வகம் தன் மாணவருக்குத் தரும் சொத்து எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பால் மோட்ரிச்சின் பாதை வேறு. கோர்ன்பர்க்கின் குழுவில் இருந்து பின் தனி ஆய்வகம் நடத்திய ராபர்ட் லேமனிடம் 1973-இல் லைகேஸ் நொதியைப் பற்றி முனைவர் பட்டம் வாங்கியவர் அவர். இரட்டிப்பின் பக்கத்து வீடு என்று சொல்லத்தக்க பிழைதிருத்தத்துக்கு நகர்ந்து, நகலெடுக்கும்போது நுழையும் தவறான எழுத்துகளைச் செல் எப்படி அடையாளம் கண்டு நீக்குகிறது என்பதைச் சோதனைக்குழாயில் அரங்கேற்றிக் காட்டினார். பாலிமரேஸ் தானே ஏறத்தாழ லட்சத்தில் ஒரு தவறு செய்யும். அதனுள் அமைந்த திருத்தமும் பின்னால் வரும் இந்தத் திருத்தமும் சேர்ந்து, பிழையை நூறு கோடிக்கு ஒன்று என்ற அளவுக்கும் கீழே கொண்டுவருகின்றன. இந்தப் பின்திருத்தம் பழுதுபட்டுப் பிறப்போருக்குக் குடல் புற்றுநோய் இளம் வயதிலேயே வர வாய்ப்பு அதிகம். லிஞ்ச் நோய்க்குறி எனப்படும் இதற்கான மரபணுச் சோதனை இன்று புற்றுநோய் மருத்துவத்தின் வழக்கமான பகுதி. மோட்ரிச் 2015-இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்.

புகழ்பெற்ற பெயர்களை மட்டும் அடுக்குவது பெற்றோருக்கு ஆறுதல் தராது என்பதை நான் அறிவேன். எனவே நம் நிலைமைக்கு நெருக்கமான இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்கிறேன். சுனேகோ ஒகசாகி, கணவர் ரெய்ஜியுடன் 1960-இல் அமெரிக்கா சென்று, கோர்ன்பர்க்கின் ஆய்வகத்திலும் பணியாற்றி, 1963-இல் ஜப்பானின் நகோயாவுக்குத் திரும்பினார். போருக்குப் பின் மெல்ல எழுந்துகொண்டிருந்த நாட்டில், வசதி குறைந்த ஆய்வகத்தில் இருந்துகொண்டுதான், இரட்டை இழைகளில் ஒன்று சிறு சிறு துண்டுகளாகவே நகலெடுக்கப்படுகிறது என்பதை இருவரும் 1968-இல் உலகுக்கு அறிவித்தனர். பிளஸ் டூ உயிரியல் பாடத்தில் வரும் ஒகசாகி துண்டுகள் இவைதாம். ஹிரோஷிமாவில் பிறந்து அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளான ரெய்ஜி 1975-இல், 44 வயதில், ரத்தப் புற்றுநோயால் இறந்தார். சுனேகோ ஆய்வைக் கைவிடவில்லை. நகோயாவிலேயே பேராசிரியராக உயர்ந்து, பின்னாளில் செயற்கைக் குரோமோசோம் பக்கம் திரும்பினார்.

மார்கரிட்டா சலாஸ், நோபலைப் பகிர்ந்த ஒச்சோவாவிடம் நியூயார்க்கில் மூன்று ஆண்டுகள் பயின்று, 1967-இல் ஸ்பெயினுக்குத் திரும்பியவர். அன்றைய ஸ்பெயினில் மூலக்கூறு உயிரியல் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை. எல்லோரும் துரத்தும் பெரிய கேள்வியில் இறங்கினால் பணமும் ஆட்களும் உள்ள அமெரிக்க ஆய்வகங்களோடு போட்டியிட முடியாது என்பதால், ஃபை29 என்ற, அதிகம் கவனிக்கப்படாத சிறு பாக்டீரியா வைரஸைத் தேர்ந்தெடுத்தார். அதன் பாலிமரேஸ், பிடித்த இழையை விடாமல் பல்லாயிரம் எழுத்துகள் வரை தொடர்ந்து நகலெடுக்கும் தன்மை உடையது என்று அவருடைய குழு கண்டது. மிகச் சிறிய அளவு டிஎன்ஏவைப் பெருக்க உதவும் அந்த நொதிக்குப் பெற்ற காப்புரிமை, ஸ்பெயினின் தேசிய ஆராய்ச்சி மன்றத்துக்கு மிகப் பெரிய வருமானம் ஈட்டித்தந்த காப்புரிமைகளில் ஒன்றாயிற்று. அவரிடம் பயின்ற பலர் பின்னர் தத்தம் ஆய்வகங்களை நடத்தினர். வேலூரிலோ சேர்க்காட்டிலோ காரைக்குடியிலோ ஆய்வு செய்ய நினைக்கும் இளைஞருக்கு, ஸ்டான்ஃபோர்டின் கதையைவிட சலாஸின் கதையே அதிகம் பயன்படும் என்பது என் உறுதியான எண்ணம்.

தொழில் துறைக்குப் போனவர்களும் உண்டு, அதுவும் புதிதல்ல. கோர்ன்பர்க்கே 1980-இல் ஸ்டான்ஃபோர்டு சகாக்களான பால் பெர்க், சார்லஸ் யானோஃப்ஸ்கி ஆகியோருடன் டிஎன்ஏஎக்ஸ் என்ற உயிர்தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கியவர். அவரிடம் முதுமுனைவர் ஆய்வாளராக இருந்த சார்லஸ் ரிச்சர்ட்சன், டி7 வைரஸின் பாலிமரேஸைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். அதன் மாற்று வடிவம் டிஎன்ஏ வரிசை வாசிப்புக்கான விற்பனைப் பொருளாயிற்று. இன்னொரு கதை நம் ஊர்ப்பக்கத்தைத் தொடுகிறது. 1966-இல் சென்னையில் பிறந்து, குழந்தையாக இருந்தபோதே இங்கிலாந்து சென்ற சங்கர் பாலசுப்பிரமணியன், கேம்பிரிட்ஜில் டேவிட் கிளனர்மனுடன் சேர்ந்து, ஒரு பாலிமரேஸ் எழுத்துகளைக் கோப்பதை ஒளிரும் சாயங்களின் உதவியால் கவனித்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிறம் கொடுத்து, நொதி கோக்கக் கோக்கப் படம் பிடித்தால் டிஎன்ஏவை வாசித்துவிடலாமே என்ற எண்ணம் அங்கே பிறந்தது. அதிலிருந்து 1998-இல் சொலெக்ஸா நிறுவனம் உருவாகி, 2007-இல் இல்லுமினா என்ற அமெரிக்க நிறுவனத்தின் கைக்குப் போனது. இன்று உலகில் வாசிக்கப்படும் டிஎன்ஏவில் பெரும்பங்கு இந்த வழியில்தான் வாசிக்கப்படுகிறது.

இவ்வளவு இருந்தும், முனைவர் பட்டம் முடித்தால் பேராசிரியர் ஆகவேண்டும், ஆகாவிட்டால் தோற்றுவிட்டதாகப் பொருள் என்ற எண்ணம் ஆய்வகங்களுக்குள் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நான் பயின்ற இடத்தில், நிறுவன வேலைக்குச் சென்ற ஒரு மூத்தவரின் பெயரை எங்கள் நெறியாளர் அதன்பின் உச்சரித்ததே இல்லை. இந்த எண்ணம் தவறு என்பதைக் காட்ட அனுதாபம் தேவையில்லை, கூட்டல் கணக்கே போதும். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டு முனைவர் பட்ட மாணவர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். எட்டு வேண்டாம், நான்கு என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர் பட்டம் வாங்க ஐந்து ஆண்டு ஆகும் என்றால், இருபத்தைந்து ஆண்டுப் பணிக்காலத்தில் அவரிடமிருந்து இருபது பேர் வெளியே வருகிறார்கள். அவர் ஓய்வு பெறும்போது காலியாவதோ ஒரே நாற்காலி. புதிய நிறுவனங்கள் எத்தனை திறக்கப்பட்டாலும் மீதிப் பத்தொன்பது பேருக்கும் அதே போன்ற நாற்காலி வாய்க்காது. அவர்கள் போகும் இடங்களை விதிவிலக்கு என்று எப்படிச் சொல்வது? இருபதில் பத்தொன்பது என்பதுதானே வழக்கம்!

அந்தப் பத்தொன்பது பேர் நம் வட்டாரத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று பார்ப்போம். வேலூருக்கு இதில் ஒரு தனி அனுகூலம் உண்டு. 1986 பிப்ரவரியில், சென்னையில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் பனிக்கட்டிப் பெட்டியில் ரயிலேறி வந்து சேர்ந்த இடம் வேலூர் சி.எம்.சி. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது அந்தச் சோதனையில்தான். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிடோவுடின் மருந்து, வைரஸின் பாலிமரேஸுக்குப் போலி எழுத்து ஒன்றை ஊட்டி, இழை மேலே வளராமல் நிறுத்துகிறது. ஹெர்ப்பிஸுக்குத் தரும் அசைக்ளோவிர், ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் சைட்டராபின் ஆகியவையும் அதே வழியைச் சேர்ந்தவை. மருந்துக் கடையில் எல்லோரும் வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின், இரட்டிப்பின்போது முறுக்கேறும் பாக்டீரியா டிஎன்ஏவைத் தளர்த்தும் நொதியைத் தாக்குகிறது. இரட்டிப்பை அறிந்தவருக்கு மருத்துவமனை அந்நியமான இடமல்ல என்பதற்கு இவை போதும். பாகாயத்தில் சி.எம்.சி. வளாகத்தில் உள்ள குருத்தணு ஆய்வு மையத்தில் மரபணு மருத்துவம் ஆராயப்படுகிறது. ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா ஏ நோயாளிகள் ஐந்து பேரிடம் வேலூரில் மேற்கொள்ளப்பட்ட மரபணு சிகிச்சையின் முடிவுகள் 2024 இறுதியில் வெளியாயின. மருத்துவர்கள் மட்டும் கூடி இத்தகைய வேலையை முடிக்க முடியாது. மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் வைரஸ் ஊர்தியைத் தயாரிப்பவர், அதன் தூய்மையைச் சோதிப்பவர், செல்லுக்குள் எத்தனை பிரதிகள் நுழைந்தன என்று அளப்பவர் என ஒவ்வொரு படியிலும் ஆய்வகத்தில் கை பழகியவர்கள் வேண்டும்.

ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம், காட்பாடியில் ரயிலேறினால் சில மணி நேரத்தில் சேர்ந்துவிடும் பெங்களூரின் மரபணுச் சோதனை நிறுவனங்கள், சென்னையில் அறிவியல் கட்டுரைகளைச் செப்பனிடும் அலுவலகங்கள், அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் உள்ளவரே எழுதக்கூடிய காப்புரிமை முகவர் தேர்வு ஆகியவையும் பாதைகளே. கல்லூரி ஆசிரியப் பணிக்கு நெட் அல்லது செட் தேர்ச்சி இருந்தாலே தகுதி உண்டு என்பதால் முனைவர் பட்டம் கட்டாயமில்லை. அரசுக் கல்லூரி நியமனங்கள் அரிதாகவே வருகின்றன, பலர் தொகுப்பூதியத்தில் கௌரவ விரிவுரையாளராகக் காலம் தள்ளுகிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. வெளிநாட்டில் முதுமுனைவர் ஆய்வு முடித்துத் திரும்புவோருக்கு ராமலிங்கசுவாமி ஃபெலோஷிப்பும், குடும்பப் பொறுப்பால் இடைவெளி விட்ட பெண்களுக்கு பயோகேர் திட்டமும் மைய அரசின் உயிர்தொழில்நுட்பத் துறையில் உள்ளன.

இத்தனை இடங்களிலும் உண்மையில் எது விலைபோகிறது என்பதை ஒரு நிகழ்ச்சியால் சொல்கிறேன். என்னுடன் பயின்ற ஒருவர், நாங்கள் எல்லோரும் அக்கா என்று அழைத்தவர், 2020-இல் இந்த வட்டாரத்தில் ஒரு பரிசோதனை நிலையத்தில் கொரோனா ஆர்.டி.பி.சி.ஆர். பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். 96 குழிகள் கொண்ட தட்டில் 94 பேரின் மாதிரிகள். மற்ற இரண்டில் ஒன்று வைரஸ் இருப்பது உறுதியான மாதிரி, இன்னொன்று வெறும் தண்ணீர். ஜூன் மாதத்தில் ஒரு நாள் அந்தத் தண்ணீர்க் குழியில், 36-ஆம் சுற்றில், நகல் பெருகுவதைக் காட்டும் கோடு திரையில் மெல்ல மேலெழுந்தது. மாதிரிக் குழிகளில் தெளிவான விடைகள் வந்திருந்தன. வாசலில் உறவினர்கள் காத்திருந்தார்கள், தொலைபேசி ஓயவில்லை. தண்ணீரில் எதுவும் வளரக் கூடாது. வளர்ந்தால் அந்தத் தட்டில் எந்த விடையையும் நம்பக் கூடாது என்று அவர் 94 அறிக்கைகளையும் நிறுத்திவைத்தார். மேலிருந்து வந்த வசவை வாங்கிக்கொண்டு, தண்ணீர்ப் புட்டியையும் வினைக்கலவையையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, கலவையில் கறை ஏறியிருந்ததைக் கண்டுபிடித்து, இரவோடு இரவாகத் தட்டை மறுபடி ஓட்டினார். முதல் ஓட்டத்தில் தொற்று உண்டு என்று வந்திருந்த மூவருக்கு இரண்டாம் ஓட்டத்தில் இல்லை என்று வந்தது. நாலு டிகிரி குளிர் அறையில் ஸ்வெட்டரோடு நின்று, நொதி சேர்க்காத குழாயில் டிஎன்ஏ வளரவில்லை என்பதைக் காட்டாமல் எந்த முடிவையும் கூட்டத்தில் வைக்கக் கூடாது என்று ஆறு ஆண்டுகள் கேட்டுக் கேட்டுப் பழகிய மனம்தான் அந்த இரவில் வேலை செய்தது. அவருடைய பெயருக்கு எதிரே பழைய மாணவர் பட்டியலில் "தனியார் பரிசோதனை நிலையம்" என்ற மூன்றே விவரங்கெட்ட சொற்களைப் போட்டால், அந்த ஆய்வகம் தான் உண்டாக்கியது என்ன என்பதையே அறியாமல் போகிறது.

பட்டியலில் இடமே பெறாதவர்களும் இருக்கிறார்கள். 1969-இல் ஜான் கெய்ர்ன்ஸின் ஆய்வகத்தில், கோர்ன்பர்க்கின் பாலிமரேஸ் ஏறத்தாழ இல்லாமலேயே வளரும் ஈ. கோலையைத் தேடி, ஆயிரக்கணக்கான பாக்டீரியாக் கூட்டங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தவர் பௌலா டி லூசியா என்ற தொழில்நுட்ப உதவியாளர். இரட்டிப்பின் முதன்மை நொதி வேறொன்று என்பதை உணர்த்திய அந்தத் தேடலின் நினைவாக அம்மரபணு போல்ஏ என்று பெயர் பெற்றது. பௌலா என்ற பெயரின் ஒலி அதில் இருக்கிறது. அவருக்காவது ஒரு மரபணு மிஞ்சியது. நம் ஆய்வகங்களில், பட்டம் முடிக்காமல் நடுவில் விலகியவர்கள், திருமணத்துக்குப் பின் தொடர முடியாமல் போனவர்கள், திட்டப் பணியாளர்களாக மூன்று ஆண்டு உழைத்துவிட்டுத் திட்டம் முடிந்ததும் அனுப்பப்பட்டவர்கள் ஆகியோரைப் பற்றி யாரும் குறித்துவைப்பதில்லை. ஓர் ஆய்வகத்தில் சேரலாமா என்று முடிவு செய்ய வேண்டிய மாணவருக்கு, பேராசிரியரான இருவரின் பெயரைவிட இவர்களைப் பற்றிய செய்தியே அதிகம் தேவை.

ஆகவே அன்று அந்தப் பெண்ணிடம், "நேர்முகத்தில் உன்னைக் கேள்வி கேட்டு முடித்ததும் நீ ஒரு கேள்வி கேளும்மா. இதுவரை இங்கே இருந்துவிட்டுப் போன எல்லோரும், முடிக்காமல் போனவர்களும் சேர்த்து, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேள்" என்று சொல்லியனுப்பினேன். ஜூலையில் அவள் தொலைபேசியில் அழைத்தாள். கேட்டாளாம். அந்தப் பேராசிரியர் சற்று நேரம் யோசித்துவிட்டு, ஒரு தாளை எடுத்துப் பதினோரு பெயர்களை எழுதி, எட்டுக்கு எதிரே வேலையும் ஊரும் குறித்தார். மீதி மூன்றில் இருவர் பாதியில் போனவர்கள் என்றும், அவர்களோடு தொடர்பு விட்டுப்போனது தன் தவறு என்றும் சொல்லி, எட்டுப் பேரில் இருவருடைய தொலைபேசி எண்ணையும் தந்து, அவர்களிடமே பேசிப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொன்னார். ஒருவர் ஹைதராபாத்தில் நொதி தயாரிக்கும் நிறுவனத்தில் இருக்கிறார், மற்றவர் ஒரு மருத்துவமனையில் மரபணு அறிக்கை எழுதுகிறார். இருவரிடமும் அவளுடைய அப்பாதான் பேசினாராம், ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம். ஆகஸ்ட் முதல் தேதி அவள் அங்கே சேர்ந்தாள்.